பதியுதீன் வயலின் தவளைகள்

வரம்போரத்தில் இன்னொரு கம்பை நட்டு, அதன் தலையில் சிவப்பு நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். பதியுதீன் தன் வயலுக்குத் தண்ணீர் கட்டுவதை விட்டுவிட்டு, மண்வெட்டிப் பிடியில் கையூன்றி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பெயர் சுலக்சனா, ஆலையடிவேம்புக்காரி, கம்பஸில் தவளை ஆராய்ச்சி செய்கிறாளாம். தவளையாம்! நம்புவதற்கு அவர் என்ன காதில் பூ வைத்துக்கொண்டா நிற்கிறார்? பக்கத்து வயல் வட்டைக்குச் சில வருடங்களுக்கு முன் கொக்கு எண்ணவென்று இரண்டு பேர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். வாடிக் குடிசையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள், சிரித்துக் கதைத்தார்கள். அவர்களும் இப்படித்தான் கம்பு நட்டு நாடா கட்டினார்கள். அடுத்த போகத்துக்கு உழவு மெசினோடு போனவர்கள் கண்டது ‘பாதுகாக்கப்பட்ட பூமி, உள்ளே வரக்கூடாது’ என்ற அரசாங்கப் பலகையை. அந்த வயல்காரரில் பாதிப்பேர் பூமியைத் திருப்பிக் கேட்டு இன்னும் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறார்கள்.

பதியுதீனிடம் இருப்பதும் அரசாங்கம் கொடுத்த வெறும் பெர்மிட்தான், சொந்தம் என்று காட்ட உறுதிப் பத்திரம் இல்லை. அந்தப் பூமி மகள் அப்னாவுக்குச் சீதனம் என்று பேசி முடித்தாயிற்று. நோன்புப் பெருநாள் கழியக் கலியாணம். வயலில் யாரோ நாடா கட்டுகிறார்கள் என்ற செய்தி மாப்பிள்ளை வீட்டுக் காதில் விழுந்தால் போதும், நிந்தவூர் முழுக்கக் கதையாகிவிடும்.

“தவளையில என்னத்தப் பாக்கிறீங்க புள்ள?”

“அது ஆணா பெண்ணா எண்டு தீர்மானிக்கிறது எது எண்டு பாக்கிறன் காக்கா,” என்று ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்தே சொன்னாள். “ உடம்புக்குள்ள நூல் மாதிரி ஒரு சாமான் இருக்கு, நிறமூர்த்தம் எண்டுவம். மனிசருக்குத் தகப்பன்ட பக்கத்தால வாற நூல்தான் தீர்மானிக்கும். தவளையில அப்பிடி ஒரே சட்டம் இல்ல. ஜப்பான்ல ஒரு தவளை இருக்கு. ஒரு பகுதியில அதுக்குத் தகப்பன்ட நூல், இன்னொரு பகுதியில தாய்ட நூல். காலம் போகப் போக அதிகாரம் ஒண்டில இருந்து ஒண்டுக்கு மாறிடும். வெளியால பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது.”

“அப்ப தவளைக்கும் நம்ம பக்கத்து ஆக்களப் போல தாய்வழியா வாற குடி இரிக்கி எண்டு சொல்லுங்க.”

“ஓம் காக்கா, சில இடத்தில!” என்று அவள் சிரித்தாள்.

அவரும் சிரித்துவைத்தார். ஆனால் சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது. அதிகாரம் கைமாறும், வெளியால் தெரியாது. பெர்மிட்டின் கதையும் அதுதானே? கடதாசி அதே கடதாசி, முத்திரை அதே முத்திரை, தீர்மானிக்கிற கந்தோர் மட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும். இவள் தவளையைப் பற்றித்தான் கதைக்கிறாளா, அல்லது அவருடைய வாயைக் கிண்டிப் பார்க்கிறாளா?

அவள் சாப்பிட றோட்டுக்கடைக்குப் போனதும் அவர் இறங்கினார். கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கட்டாக்கி, வாய்க்காலில் வீசினார். பிடுங்கும்போது அடியில் ஏதோ வலை அறுந்ததைப் போலிருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

திரும்பி வந்த சுலக்சனா வரம்பில் அப்படியே குந்திவிட்டாள்.

“ஒவ்வொரு கம்போடயும் ஒரு வலைப்பை கட்டி இருந்தன் காக்கா. ஒவ்வொண்டிலயும் ஒரு தாய்ட முட்டையும் குஞ்சும். குஞ்செல்லாம் கலந்து போயிட்டு. எது ஆர்ட பிள்ளை எண்டு இனிச் சொல்லேலா. ஆர் புடுங்கின எண்டு கண்டீங்களா?”

“நான் காணல்ல.”

சொன்ன வாய் அவருக்கே கசந்தது. அவளுக்கு அப்னாவின் வயதுதான் இருக்கும். கண் கலங்கிவிடக்கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதியுதீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். மூலையில் நாற்றுக்குள் பதுங்கியிருந்த தவளை ஒன்றை லபக்கென்று பிடித்து, மூடிய கையோடு அவளிடம் வந்தார். விரல்களுக்கிடையில் எட்டிப் பார்த்தவளின் முகம் மலர்ந்தது.

“நான் தேடுற சாதி இதுதான் காக்கா! இதுட நூல் வேற மாதிரி எண்டு வந்தா, உலகத்திலயே இந்த வட்டைக்குள்ள மட்டும் இருக்கிற தவளையா இருக்கலாம்.”

“இருந்தா?”

“பிறகென்ன! இந்த வயலைப் பாதுகாக்கச் சொல்லி மேலிடத்துக்கு நாங்களே எழுதுவம்.”

எவ்வளவு சந்தோசமாகச் சொன்னாள்! அதில் ஒரு துளி கள்ளமும் இல்லை என்பதுதான் அவரைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

“ஆரிட்ட இருந்து பாதுகாக்க?” என்று கேட்டார்.

அவள் பொலித்தீன் பையை விரித்துக்கொண்டிருந்தாள், காதில் விழவில்லை. “போடுங்க காக்கா,” என்று வாய் திறந்த பையை நீட்டினாள். பதியுதீன் கையை விரிக்கவில்லை. மூடிய விரல்களுக்குள் தவளையின் தொண்டை குளிர்ச்சியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.