கமிட்டி வந்த வியாழக்கிழமை

எங்கள் சட்டக் கல்லூரியின் தரைத்தளத்தில், ஜெராக்ஸ் கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவே, 'இலவச சட்ட உதவி மையம்' என்று போர்டு மாட்டிய அறை ஒன்று உண்டு. நான் சேர்ந்து மூன்று வருஷத்தில் அதைத் திறந்து பார்த்ததில்லை. தர மதிப்பீட்டுக் கமிட்டி வருகிறது என்று கடிதம் வந்த பிறகுதான் பூட்டை உடைத்து, பெனாயில் ஊற்றிக் கழுவி, புதுப் பூட்டு போட்டார்கள்.

பொறுப்பாளர் எங்கள் அரசியலமைப்புச் சட்டப் பேராசிரியர். மூச்சுக்கு மூச்சு 'கனம் நீதிபதி அவர்களே' என்பார். நாங்கள் அவருக்கு வைத்த பெயரும் கனம்தான். ஆயுசில் ஒரு வழக்கும் நடத்தியவரில்லை. எங்களில் ஆறு பேரைக் கறுப்புக் கோட்டோடு வரச் சொன்னார். முதல் வருஷப் பிள்ளைகள் பத்துப் பேரைப் பொதுமக்களாக உட்கார வைத்தார். ஆளுக்கொரு பிரச்சினையை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். விவாகரத்துக்கு வந்தவனுக்கு இன்னும் மீசையே சரியாக முளைக்கவில்லை.

கமிட்டி வந்து அரை மணி நேரம் இருக்கும். போர்டைப் பார்த்துவிட்டு நிஜமாகவே ஒரு அம்மா உள்ளே வந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் தையல்காரர். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டைக் காலி செய்ய வைப்பதற்காக வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை அறுத்துவிட்டாராம். பதினோரு நாளாக மூன்று மாடிக்குக் குடம் சுமக்கிறார். சொல்லும்போது குரல் உடைந்தது. கமிட்டித் தலைவர் உருகிப்போய் அவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

கனம் என் காதருகே குனிந்து, "இந்தம்மாவ யாரு கூட்டிட்டு வந்தது? ரொம்ப இயல்பா நடிக்கிறாங்க" என்றார்.

கமிட்டி சாப்பிடப் போனது. முதல் வருஷம் கலைந்தது. அந்த அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். எங்கள் வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருகிற 'ரேங்க்' தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழும் உரிமையில் தண்ணீரும் அடங்கும் என்று தொடங்கி மூன்று தீர்ப்புகளை ஆண்டோடு ஒப்பித்தான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி தம்பி. இத யார்கிட்ட போய்ச் சொல்லணும்?"

ரேங்க் என்னைப் பார்த்தான். நான் கனத்தைப் பார்த்தேன். சாவியை நாலு மணிக்குள் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்றார் கனம்.

இந்தக் கும்பலில் நான் சேர்த்தியில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்ற வீம்பில், வாங்க, நான் கூட வருகிறேன் என்று அவரை அழைத்துக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினேன். அங்கே போனதும்தான் எந்தக் கட்டடம் என்பதே எனக்குத் தெரியாது என்று புரிந்தது. வரிசையில் நின்றவர்களிடம் விசாரித்து வழி கண்டுபிடித்தது அந்த அம்மாதான். கோட்டுக்குள் வியர்த்து வழிய அவர் பின்னால் நடந்தேன். வாசலில் மனு டைப் அடிப்பவர் விஷயம் என்னவென்று என்னிடம் கேட்டார். பரீட்சைத் தாளில் எழுதுகிற மாதிரி ஒரு நீளமான வாக்கியம் சொன்னேன். அவர் டைப்ரைட்டரிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா" என்று அந்த அம்மா பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் மனு தயார்.

அதை ஜன்னலில் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அந்த அம்மா, "படிப்பு முடிய இன்னும் எத்தன வருஷம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"அதுக்குள்ள இதெல்லாம் சொல்லிக் குடுத்துடுவாங்களா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் அன்றுவரை கனத்தின் மேல் வைத்திருந்த இளக்காரமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் என் மேலேயே திரும்பியது. இல்லை என்றேன்.

ஒன்பதாம் நாள் இடைக்கால உத்தரவு கிடைத்தது. குழாயில் தண்ணீர் வந்தது.

அந்த மாதக் கடைசியில் கல்லூரி ஆண்டறிக்கை அச்சாகிற நேரம். முன்பக்கத்திலேயே அந்த அம்மாவின் போட்டோ. 'மையத்தின் அயராத முயற்சியால் தீர்வு' என்று தலைப்பு, கீழே என் பெயர். கனத்தின் அறைக்குப் போய், அது பொய், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"பேர் வேணாம்னா எடுத்துடலாம்மா. போட்டோ இருக்கட்டும். கமிட்டிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

அறிக்கை வெளிவந்தபோது என் பெயர் இருந்த இடத்தில் ரேங்கின் பெயர் இருந்தது. கல்லூரிக்கு முதல் தரம் கிடைத்தது. அந்தப் பக்கத்தைக் காட்டியே ரேங்க் ஒரு பெரிய வக்கீல் ஆபீசில் பயிற்சிக்குச் சேர்ந்தான். பொறாமையா என்று என் அக்கா கேட்டாள். இல்லை; அருவருப்பு.

வெள்ளிக்கிழமை மதியம் கனத்தின் வகுப்பு. நான் போவதில்லை. அந்த நேரத்தில் கோர்ட்டில் மனு வாங்கும் ஜன்னலுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, யாருடைய மனுவை எதற்காகத் திருப்பித் தள்ளுகிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொள்கிறேன். வருகைப்பதிவு குறைகிறது என்று கனம் இரண்டு முறை நோட்டீஸ் அனுப்பிவிட்டார். இரண்டிலும் எழுத்துப்பிழை.