மலையிறங்கிய கவுன்சிலர்கள்

சாஹிரா தேர்தலில் நின்றதற்கு அரசியல் காரணம் எதுவும் கிடையாது. கொடைக்கானல் சந்தைக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த ஒரு கழிப்பறைதான் காரணம்.

அந்தக் கழிப்பறையை நல்ல முறையில்தான் கட்டியிருந்தார்கள். ரோஸ் நிற ஓடு பதித்து, ஆண்கள் பெண்கள் என்று படம் வரைந்து, பெரிய மனிதர்களை வரவழைத்து ரிப்பனும் வெட்டினார்கள். வந்தவர்கள் கார் ஏறிப் போனதும் கதவைப் பூட்டினார்கள். அதோடு சரி. மேல்மலைக் கிராமங்களான போளூரிலிருந்தும் கூக்காலிலிருந்தும் பூண்டும் கேரட்டும் கொண்டு வருகிற பெண்கள் காலையில் முதல் பஸ்ஸில் வந்தால் சாயங்காலப் பஸ்ஸுக்குத்தான் திரும்ப முடியும். அதுவரை அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எங்கே போவது?

சாஹிராவின் ஸ்வெட்டர் கடை சந்தையை ஒட்டி இருந்தது. மாடியில் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூண்டு விற்கும் வேலுத்தாயின் முகம் போன போக்கைப் பார்த்து, "மேல வாங்கக்கா" என்று கூப்பிட்டு விட்டாள். அடுத்த வாரம் வேலுத்தாய் தன் தங்கையையும் கூட்டிவந்தாள். மூன்றாவது வாரம் கடைக்குள் நின்ற கூட்டத்தைவிட மாடிப்படியில் நின்ற கூட்டம் அதிகமாக இருந்தது.

"நாம ஸ்வெட்டர் கடை வச்சிருக்கமா, வேற ஏதும் வச்சிருக்கமா?" என்று கேட்டான் அவள் கணவன் பாசித். டீ குடிக்க மாடிக்குப் போக அவனே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

தேர்தல் அறிவித்தபோது வேலுத்தாய்தான் ஆரம்பித்து வைத்தாள். "நீ நில்லு தாயி. ஜெயிச்சு அந்தக் கதவ ஒடைச்சுவிடு."

"உங்க ஓட்டெல்லாம் போளூர்லதானே இருக்கு? இந்த வார்டுல யாரு எனக்குப் போடுவா?"

"ஓட்டு அங்க கெடந்தா என்ன? வாய் இங்கதான கெடக்கு."

அந்த வாய் போதுமானதாக இருந்தது. பூண்டு வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் தராசைக் கையில் பிடித்தபடியே வேலுத்தாய் பிரசாரம் செய்தாள். சாஹிராவுக்குப் போடுகிறேன் என்று சொன்னவர்களுக்கு ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டாள். கட்சிக்காரர்கள் மைக் கட்டிய ஜீப்பில் சுற்றிக்கொண்டிருந்தபோது, வார்டின் சமையலறைகளில் எல்லாம் சாஹிராவின் பேர் பூண்டோடு சேர்ந்து உரிபட்டது. சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தாள். வெற்றிச் செய்தி வந்த நேரத்தில் அவள் ஒரு கேரளத்துக் குடும்பத்துக்குக் குரங்குக் குல்லா காட்டிக்கொண்டிருந்தாள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. சேர்மனை கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். காட்டேஜ் முதலாளி முருகானந்தம் பக்கம் பாதிப் பேர், கேரட் மண்டி மகாதேவி பக்கம் பாதிப் பேர். இரண்டு பக்கமும் சரிசமம். நடுவில் ஒரே ஒருத்தி, சாஹிரா.

அன்று முதல் கடையில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. முருகானந்தத்தின் ஆட்கள் வந்து சால்வையாக வாங்கினார்கள். அதைக் கேள்விப்பட்டு மகாதேவியின் ஆட்கள் வந்து கையுறையாக வாங்கினார்கள். அளவுகூடப் பார்க்கவில்லை. பாசித்துக்கு ஒரே சந்தோஷம். "சேர்மன் எலக்சன மாசாமாசம் வைக்கக் கூடாதா?" என்றான்.

ஒரு நாள் வெள்ளனே, பனி விலகுவதற்கு முன், கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. டிராவல்ஸ் நடத்தும் ஞானவேல் இறங்கினான். பின்னாலேயே முருகானந்தம், வெள்ளைச் சட்டைக்கு மேல் புதுச் சால்வையோடு.

"ஒன்னும் பயப்படாதீங்கம்மா. ஓட்டுப் போடுற வரைக்கும் எல்லாரும் ஒரு எடத்துல ஒத்துமையா இருப்போம். அந்தம்மா ஆளுக உங்களத் தூக்கிட்டுப் போயிட்டா என்ன செய்றது?"

"இப்ப நீங்கதானேண்ணே தூக்கிட்டுப் போறீங்க?"

"நாங்க மரியாதையாக் கூப்புடுறோம்ல!"

போகாவிட்டால் இரண்டு கோஷ்டியும் நாளெல்லாம் கடையிலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்பது சாஹிராவுக்குத் தெரியும். இன்னொரு யோசனையும் ஓடியது. இத்தனை கவுன்சிலர்கள் ஓரிடத்தில் சிக்கினால் கழிப்பறைப் பேச்சை எடுக்கலாம்.

"நானும் வர்றேன்" என்றான் பாசித்.

"பாய், கவுன்சிலருங்க மட்டுந்தான். லேடீஸுக்குத் தனி ரூம் போட்டிருக்கு, நீங்க கவலப்படாதீங்க" என்றான் ஞானவேல்.

பாசித் கவலைப்பட்டான். கவலையில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, வெந்நீர்ப் பை எல்லாவற்றையும் மனைவியின் பையில் திணித்து அனுப்பினான்.

எங்கே போகிறோம் என்பது வளைவுகளில் இறங்க இறங்கத்தான் புரிந்தது. ஊர் உலகத்தில் எங்கே எந்தப் பதவிக்குச் சண்டை வந்தாலும் உறுப்பினர்களை ஒளித்து வைக்க மலைக்குத்தான் கொண்டு வருவார்கள். முருகானந்தத்தின் காட்டேஜ்களிலேயே அப்படிப் பல பேர் வந்து தங்கி, சூப் குடித்து, கட்சி மாறிப் போயிருக்கிறார்கள். ஆனால் மலைக்காரர்களை மலையில் ஒளிக்க முடியுமா? எந்தப் பங்களாவில் விளக்கு எரிந்தாலும் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே ஞானவேல் அவர்களைப் பழனிக்குக் கொண்டு போனான்.

பழனியில் மாசி வெயில் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. உள்ளூர்க்காரர்கள் இன்னும் அதை வெயில் என்றே சொல்ல ஆரம்பிக்கவில்லை. மலையிலிருந்து இறங்கியவர்களோ லாட்ஜ் வாசலிலேயே வாடிப்போனார்கள். ஆயுளில் ஃபேன் வாங்கியிராத கவுன்சிலர்கள் ஒரே ஃபேனுக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஞானவேல் எல்லோருடைய செல்போனையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் வாங்கிக்கொண்டான். கேட்டைப் பூட்டினான்.

சாஹிரா கழிப்பறைப் பேச்சை எடுத்தாள்.

"அதெல்லாம் பெறகு பாத்துக்கலாம்மா. மொதல்ல இந்த வேக்காட்டுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார்கள். சீட்டுக்கட்டைப் பிரித்தார்கள். மறுபடியும் எடுத்தாள். மோர் வந்தது, எல்லோரும் மோரைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மனசு விட்டுப்போய், சாஹிரா பின்கட்டில் இருந்த லாட்ஜ்காரம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். அங்கே ஒரு வேப்பமரமும் கொஞ்சம் காற்றும் இருந்தன. பேச்சு பிள்ளைகள், மாமியார், முட்டுவலி என்று போயிற்று. சாஹிரா தன் பையிலிருந்த வெந்நீர்ப் பையை எடுத்து, "இது எனக்கு இங்க எதுக்கு, உங்க முட்டுக்கு வச்சுக்கங்க" என்று கொடுத்தாள். அந்த அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் காலையில்தான் கூத்து.

விடியும் முன்பே லாட்ஜில் தங்கியிருந்த பாதயாத்திரை பக்தர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் குளித்து முடித்து மலைக்கோயிலுக்குப் போய்விட்டார்கள். டேங்க் காலி. மோட்டாரைப் போட்டால் ஒரு முனகல், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். எந்தக் குழாயைத் திருகினாலும் காற்று வந்தது.

தோளில் துண்டும் கையில் பிரஷ்ஷுமாக முருகானந்தம் கோஷ்டி மாடியிலிருந்து இறங்கியது. அதே நேரத்தில் அதற்கும் மேல்மாடியிலிருந்து தோளில் துண்டும் கையில் பிரஷ்ஷுமாக இன்னொரு கோஷ்டி இறங்கியது. முன்னால் மகாதேவி.

இரண்டு பக்கமும் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்கள். வாயில் நுரையோடு யாரும் யாரையும் திட்ட முடியவில்லை.

"ஏலே ஞானவேலு!" முருகானந்தம் நுரையைத் துப்பிவிட்டுக் கத்தினார். "இங்க வாடா!"

ஞானவேல் கையைப் பிசைந்துகொண்டு வந்தான். "அண்ணே, அக்காவும் எங்கிட்டதான் வேன் கேட்டாங்க. லாட்ஜ்ல ரெண்டு மாடி சேத்து எடுத்தா ரேட்டு கம்மின்னு சொன்னாங்க. வேற வேற மாடிதானேண்ணே, பாத்துக்கவே மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அவனை என்ன செய்வது என்று யோசிக்கக்கூட யாருக்கும் அவகாசம் இல்லை. முந்தின நாள் குடித்த மோர் அவரவர் வயிற்றில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தது. வெளியே போகலாமென்றால், கேட்டுக்கு வெளியே உள்ளூர் கேபிள் டிவிக்காரன் கேமராவோடு நின்றான். எப்படித்தான் மோப்பம் பிடித்தானோ! எதிரும் புதிருமான கவுன்சிலர்கள் கையில் சொம்போடு ஒன்றாக ஓடுவது மலைக்கு மேலே ஒளிபரப்பானால் என்ன ஆகும்?

மிச்சமிருந்தது ஒரே வழி. பின்கட்டில், கிணற்றுத் தண்ணீரில் ஓடிய லாட்ஜ்காரம்மாவின் சொந்தக் கழிப்பறை. அந்த அம்மா வாசலில் குறுக்கே நின்றார். "கட்சிக்காரங்கள உள்ள விட மாட்டேன். நாசமாக்கிருவாங்க." பிறகு சாஹிராவைக் கையைக் காட்டி அழைத்து, சாவியை அவளிடம் கொடுத்தார். "உன்ன நம்பித்தான் தர்றேன். உன் பொறுப்பு."

சாஹிரா முதலில் பெண்களை அனுப்பினாள். மகாதேவி தான் முந்தவில்லை. வயதான கவுன்சிலர் அம்மாக்களைக் கைபிடித்து முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நின்றாள். ஆண்கள் சுவர் ஓரமாக வரிசை கட்டினார்கள். அப்போது முருகானந்தம், எல்லோரையும் முழங்கையால் விலக்கிக்கொண்டு நேராக சாஹிராவின் முன்னால் வந்து நின்றார். வழியில், தன் கட்சியிலேயே மூத்தவரான ஒரு பெரியவரையும் சுவரோடு சாத்திவிட்டிருந்தார்.

"சாவியக் குடும்மா, வெரசா!"

சாஹிராவுக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. வந்தவுடன் ஒரு வெட்கமும் வந்தது, அதை மீறி ஒரு சிரிப்பும் வந்தது. சாவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம். சந்தைக் கக்கூச எப்பத் தொறப்பீங்க?"

"அதப் போயி இப்பயா கேக்குறது?"

"இப்பக் கேட்டாத்தான அண்ணனுக்கு வெளங்கும். போளூர்க்காரங்க வாராவாரம் இப்படித்தான் நிக்கிறாங்க."

முருகானந்தம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். "நாளைக்கே தொறக்கிறேன்!"

"தண்ணி?"

"தண்ணியும் நாளைக்கே!"

"எங்கேருந்துண்ணே வரும்?"

"வானத்துலருந்து கொண்டாரேன்! சாவியக் குடு தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

அதற்கு மேல் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. கதவைத் திறந்துவிட்டாள். பின்னால் நின்ற மகாதேவியைப் பார்த்தாள். மகாதேவியின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"நீங்க எப்பத் தொறப்பீங்கக்கா?"

மகாதேவி பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "நாளைக்கெல்லாம் ஆகாது சாஹிரா. குழாய் லைன் அந்தப் பக்கமே வரல. தனியா ஒரு டேங்க் வைக்கணும். டெண்டர் விடணும், மழை வேற வந்துரும். மூணு மாசமாவது ஆகும்."

"மூணு மாசமா?" உள்ளேயிருந்து முருகானந்தத்தின் குரல் வந்தது. "நான் ரெண்டு நாள்ல முடிச்சுக் காட்டுறேன்!"

"அவரு முடிக்கட்டும்" என்றாள் மகாதேவி. "பொய் சொல்லிட்டு உள்ள போக எனக்கு இஷ்டமில்ல. வேணும்னா இன்னுங் கொஞ்ச நேரம் நிக்கிறேன். ஆனா ரொம்ப நேரம் நிக்க முடியாது, அதையும் சொல்லிப்புட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். சிரித்தது பல பேருக்கு ஆபத்தாகப் போய்விட, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். கதவு திறந்ததும் சாஹிரா மகாதேவியைத்தான் உள்ளே அனுப்பினாள். அதற்குப் பிறகு வந்த ஒருவரையும் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலேயே ஆளாளுக்குத் தங்கள் வார்டில் எங்கெங்கே கழிப்பறை இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சாவகாசமாகிவிட்டவர்கள் கிணற்றடியில் உட்கார்ந்து அதைப் பற்றியே விவாதித்தார்கள். எந்தக் கட்சி, எந்த மாடி என்று அந்த நேரத்தில் யாரும் பார்க்கவில்லை. கேபிள் டிவிக்காரன் மதில்மேல் ஏறி எட்டிப் பார்த்தபோது அங்கே முழு நகரமன்றமும் கூடி இருந்தது. காட்டுவதற்கு அதில் சண்டை எதுவும் இல்லாததால் இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் மலையேறி, மன்றத்தில் ரகசிய ஓட்டுப் போட்டார்கள். சாஹிரா பிஸ்மில்லா சொல்லி மகாதேவி பேருக்கு நேராகக் குத்தினாள். தன் ஒரு ஓட்டில் ஒரு ஊரின் தலைவிதி தொங்குகிறது என்ற நினைப்பில் சீட்டை இரண்டு தடவை சரிபார்த்து மடித்தாள்.

ஓட்டை எண்ணினார்கள். மகாதேவி ஜெயித்தாள். ஒரு ஓட்டில் அல்ல, நன்றாகவே கூடுதலாக. சாஹிரா போடாமலே இருந்திருந்தாலும் அவள்தான் சேர்மன்.

முருகானந்தம் தன் பக்கத்து ஆட்களை ஒவ்வொருவராக முறைத்துப் பார்த்தார். ஒவ்வொருவரும் அடுத்தவரை முறைத்தார்கள். யார் மாற்றிப் போட்டது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை, சாஹிராவைத் தவிர. சுவரோடு சாத்தப்பட்ட அந்தப் பெரியவர் ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்து, மஃப்ளர் ஒன்றைக் கழுத்தில் சுற்றிப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "முப்பது வருசமா அவன்கூடத்தான் இருக்கேன்மா. மேடையில பேசவிடல, பொறுத்துக்கிட்டேன். ஆனா கக்கூஸ் வரிசையில முந்துனான் பாரு, அத என்னால பொறுக்க முடியல. எனக்குப் பின்னாடி நின்னவனுகளுக்கும் அப்படித்தான்."

சாஹிரா மஃப்ளர் விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாள்.

மூன்று மாதம் என்று சொன்னது ஐந்து மாதம் ஆயிற்று. மழை வந்தது, ஒரு மண்சரிவு வந்தது, வந்த டேங்க் ஓட்டையாக இருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் சாஹிரா எழுந்து கேட்டாள். எதிர்க்கட்சித் தலைவராகிவிட்ட முருகானந்தமும் எழுந்து, "நாளைக்கே தொறக்கணும்!" என்று மேஜையைத் தட்டினார். இப்போது அது உண்மையிலேயே உதவியாக இருந்தது. மகாதேவி அதிகாரிகளை முறைத்துப் பார்க்க அந்தச் சத்தம் ஒரு சாக்கு.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிப்பன் இல்லாமல், மைக் இல்லாமல் கதவைத் திறந்தார்கள். சேர்மன் வந்து குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு மண்டிக்குப் போய்விட்டாள். சாஹிரா மட்டும் வாசலில் நின்றாள். வேலுத்தாய் பூண்டு மூட்டையை அவளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சாஹிரா பூண்டு மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வேலுத்தாய் வெளியே வந்து கண்ணீர் விடுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள், தானும் அழவேண்டி வரும் என்று முந்தானையைக்கூடச் சரி செய்து வைத்திருந்தாள்.

வேலுத்தாய் கையை உதறிக்கொண்டே வந்தாள்.

"என்ன தாயி இது, தண்ணி ஐசுக்கட்டியா இருக்கு! விரலெல்லாம் வெறைச்சுப் போச்சு. மகாதேவிகிட்டச் சொல்லி ஒரு ஈட்டர் போடச் சொல்லு."

சாஹிராவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்குள் வேலுத்தாயின் பின்னால் கூக்கால்காரர்கள், போளூர்க்காரர்கள் என்று வரிசை நீண்டுவிட்டது. அவர்களில் ஒருத்தி நின்றுகொண்டே, வெகுகாலத்துக்குப் பிறகு, ஒரு பாட்டில் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள்.