ஊசி மிதக்கும் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு டம்ளரில் பிறந்தது. ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு வார இதழின் கேள்வி-பதில் பக்கத்தில், இரும்பு ஊசி தண்ணீரில் மிதக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மிதக்கும், செய்து பாருங்கள் என்று பதில் போட்டிருந்தார்கள். நான் தொடர்கதைக்காரன். ஆறு வாரத்துக்கு ஒரு பிணம் விழாவிட்டால் ஆசிரியர் போன் செய்துவிடுவார். அந்த வாரம் பிணம் கிடைக்கவில்லை. ஊசி கிடைத்தது.

மெல்லிய காகிதத் துண்டு, அதன்மேல் ஊசி, அதன்கீழ் டம்ளர் தண்ணீர். காகிதம் ஊறி ஊறி அடிக்குப் போனது. ஊசி போகவில்லை. தூங்குகிறவன் உடம்புக்குக் கயிற்றுக்கட்டில் குழிவதுபோல அதற்குக் கீழே தண்ணீர் லேசாகக் குழிந்திருந்தது. பிறகு, பாத்திரம் விளக்கும் சோப்பில் ஒரு துளியைத் தொட்டு ஓரத்தில் வைத்தேன்.

ஊசி போய்விட்டது. என் கதைகளில் எத்தனையோ பேர் கிணற்றில் விழுந்திருக்கிறார்கள். எல்லோரும் சத்தம் போட்டுத்தான் விழுந்தார்கள். இவ்வளவு அமைதியாக ஒருவரும் போனதில்லை.

2

முதல் தொடக்கம்: 'கொல்லிமலை, 1938. வாழவந்தி நாட்டில் நாற்பது மிளகுக்கொடிகள் கொலை செய்யப்பட்டுக் கிடந்தன.'

(இது என் பழைய வியாதி. கொடியைக் கொலை செய்ய முடியாது. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: 'பனி இறங்கினால் அந்த மலையில் மரங்கள் ஒவ்வொன்றாக மறந்துபோகும். முதலில் எதிர்ச் சரிவு, அப்புறம் பலா மரங்கள், அப்புறம்'

(அப்புறம் நான் தூங்கிவிட்டேன். வாசகர் எனக்கு முன்பே தூங்கியிருப்பார்.)

மூன்றாவது நின்றது. இதோ.

பொன்னாயி குண்டாவை மூன்று தரம் விளக்கினாள். வாயகன்ற பித்தளைக் குண்டா. பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நசுக்கி, நுரை பொங்கப் பொங்க உள்ளும் புறமும் தேய்த்தாள். அவள் இப்படி விளக்கியதற்குக் காரணம் இருந்தது. மறுநாள் அந்தக் குண்டாவில் ஓர் ஊசியைப் போடப்போகிறார்கள். ஊசி மிதந்தால் அவள் ஓரகத்தி கண்ணாயி மலையில் இருப்பாள். முழுகினால் மூன்றாம் நாள் மலையைவிட்டு இறங்கவேண்டும்.

3

நடந்தது இதுதான். பொன்னாயியின் புருசன் கருப்பண்ணன். அவனுடைய பலா மரங்களில் ஏறியிருந்த நாற்பது மிளகுக்கொடிகளும் ஒரு வாரத்தில் வாடித் தொங்கின. அடியில் பார்த்தால் அரிவாள் வெட்டு. கண்ணாயி, அவனுடைய செத்துப்போன தம்பியின் பெண்டாட்டி. தன் மரத்தில் அவன் கொடியை ஏற்றிவிட்டு அவனே பறித்துக்கொள்கிறான் என்று போன மாசம் ஊற்றடியில் பத்துப் பேர் காதில் விழச் சண்டை போட்டாள். உங்க கொடி காஞ்சு கருவாடாப் போவட்டும் என்றும் சொன்னாள். சொன்னபடியே காய்ந்தது. இதற்குமேல் ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்?

வேண்டும் என்றார் ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி. ஊற்றுத் தண்ணீரைக் கேட்டுவிடலாம் என்றார். பொய்யர் கை போட்ட ஊசியை அது தாங்காது என்பது ஊர் நம்பிக்கை.

(ஊசி போட்டுக் கேட்கும் இந்த வழக்கம் நான் கட்டியது. கொல்லிமலையில் இப்படி நடந்ததாக எங்கும் படித்ததில்லை. மலைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவேண்டும்.)

ஒவ்வொரு தரமும் சேந்தமங்கலத்துச் சந்தையிலிருந்து புது மண்சட்டி வரும். விளக்கவேண்டிய வேலையே இல்லை. இந்தத் தரம் சுமந்துவந்த சட்டி மலை ஏறும்போதே விரிசல் விட்டுவிட்டது. வாயகன்ற பாத்திரம் ஊரில் கருப்பண்ணன் வீட்டில்தான் இருந்தது. குற்றம் சாட்டியவன் வீட்டுப் பாத்திரம். பொன்னாயிக்குப் பயம் பிடித்தது அங்கேதான். நாளைக்கு ஊசி ஏதாவது கோளாறு செய்தால், குண்டாவில் தீட்டு இருந்தது என்று ஒருத்தரும் நாக்கைச் சுழட்டக்கூடாது. அதனால்தான் மூன்று தரம். விளக்கியபின் கழுவவும் இல்லை. ஊற்றுத் தண்ணீருக்கு முன்னால் வேறு தண்ணீர் பட்டால் சத்தியம் கெட்டுப்போகும் என்று, வெள்ளைத் துணியால் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். உள்ளே நுரை மினுமினுப்பாகக் காய்ந்தது.

கண்ணாயி அவளுக்கு ஓரகத்தி மட்டுமில்லை. பொன்னாயியின் மூன்று பிரசவத்திலும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்.

4

இங்கே கதையை நிறுத்தி இரண்டு பத்தி பேசவேண்டியிருக்கிறது. ஆசிரியர் இதைத்தான் முதலில் வெட்டுவார்.

தண்ணீர் ஒரு பொருள் இல்லை, ஒரு கூட்டம். கண்ணுக்கு எட்டாத கோடானுகோடி மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பிடித்து, விட்டு, அடுத்ததைப் பிடித்து, எந்நேரமும் கும்மியடிக்கிற மாதிரி. நடுவில் நிற்பவற்றுக்கு எல்லாப் பக்கமும் கை கிடைக்கிறது. மேல்வரிசைக்கு மேலே ஆள் இல்லை, வெறும் காற்று. அதனால் அவை பக்கத்திலும் கீழேயும் இருப்பவற்றோடு ஒட்டி இழுபட்டு நிற்கின்றன. அந்த இழுப்புதான் தண்ணீருக்குத் தோல். பனித்துளி உருண்டையாக நிற்பது அதனால். தேன் மெதுவாக நடப்பதும், மண்ணெண்ணெய் விறுவிறுவென்று ஓடுவதும்கூட இந்தப் பிடியின் இறுக்கத்தையும் தளர்ச்சியையும் பொறுத்ததுதான். கையில் எடுத்துப் பார்க்கிற எந்தப் பொருளின் குணமும், கண்ணுக்குத் தெரியாத யாரோ யாரையோ எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்ற சமாசாரம்தான்.

பூந்திக்கொட்டை நுரைக்கு ஒரு குணம் உண்டு. அதன் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரோடு உறவு, மறுமுனை தண்ணீரோடு பேச்சுவார்த்தை இல்லை. அது நேராக மேல்வரிசைக்குப் போய், கைகோத்து நிற்பவர்களுக்கு நடுவே புகுந்துகொள்ளும். பிடி தளரும். சண்டை இல்லை, சத்தம் இல்லை. தோல் மட்டும் நைந்துபோகும்.

5

கண்ணாயி தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடியாமல் வந்தாள். பனி அவ்வளவு கனமாக இருந்ததால் ஊர் முழுக்க அங்கே நின்றும் பாதிப் பேருக்கு முகம் இல்லை. ஊற்றுத் தண்ணீரை மொண்டு குண்டாவில் ஊற்றினார்கள். ஓரத்தில் இரண்டு குமிழி நின்றது. பொன்னாயி அதைப் பார்த்தாள். அழகாக இருக்கிறதே என்றுதான் நினைத்தாள்.

நகத்தளவு துணித்துண்டின் மேல் ஊசியை வைத்துக் கண்ணாயி தண்ணீரில் விட்டாள். துணி நனைந்தது, கனத்தது, இறங்கியது. ஊசியும் கூடவே இறங்கியது.

கூடப்பிறந்தவன் சந்தையில் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனால் ஒருத்தி எப்படிப் பார்ப்பாளோ, அப்படி அந்தத் தண்ணீரைப் பார்த்தாள் கண்ணாயி. பிறகு மூட்டை கட்டப் போனாள்.

(கவனியுங்கள், அவள் 'நான் வெட்டவில்லை' என்று சொல்லவில்லை. சொல்லவைக்க நான் நாலு வரி எழுதிப் பார்த்தேன். நாலும் அவள் வாயில் ஒட்டவில்லை. இவளை எனக்கே சரியாகத் தெரியவில்லை என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது.)

6

மறுநாள் விடியற்காலையில் பொன்னாயி ஊற்றுக்குக் கீழே தேங்கும் குட்டையில் தலை அலசினாள். குட்டையின்மேல் நீர்ப்பூச்சிகள் நூல்நூலான கால்களை ஊன்றி வழுக்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு காலடியிலும் ஒரு சின்னக் குழி. அவள் கூந்தலிலிருந்து பூந்திக்கொட்டை நுரை பிரிந்து அவற்றைப் பார்த்துப் போனது.

நுரை நெருங்கியதும் முதல் பூச்சியின் கால்கள் தண்ணீருக்குள் போயின. அது துடுப்புப் போட்டது. பிறகு அடுத்தது. தரை என்று நம்பி நின்றது தரை இல்லை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்வதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக அவை அமிழ்ந்தன.

பொன்னாயி கூந்தலைப் பிழியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மூலக்கூறு தெரியாது. ஆனால் நான் இதுவரை படைத்த எந்தத் துப்பறிவாளனையும்விட அவள் கெட்டிக்காரி. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பழைய மண்சட்டியில் ஊசி போட்டாள். மிதந்தது. குண்டாவில் போட்டாள். முழுகியது. குண்டாவை ஏழு தரம் வெறும் தண்ணீர் விட்டு அலசிவிட்டுப் போட்டாள்.

மிதந்தது.

அப்புறம் அவள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு ஒரு பொய் சொன்னாள். எம் பேரு பாப்பாத்தி என்றாள். சொல்லிவிட்டுப் போட்டாள். அப்போதும் மிதந்தது.

7

முடிவுகள்.

அ) புருசனிடம் சொல்கிறாள். 'ஏனுங்க, அன்னைக்குக் குண்டாவுல நுரை இருந்துச்சுங்க. அதான் முழுகிருச்சு.' கருப்பண்ணன் வெற்றிலையை மென்றபடி யோசிக்கிறான். வெளியே சொன்னால் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து சூது பண்ணியதாகத்தான் ஊர் பேசும் என்கிறான். 'எனக்குக் கொடி போச்சு, உனக்கு மானம் போவணுமா?' அவள் அடங்கிவிடுகிறாள். (இல்லை. ஏழு தரம் அலசியவள் இங்கே அடங்கமாட்டாள்.)

ஆ) கருப்பண்ணன்தான் வெட்டினான், தம்பி நிலத்துக்காக. (இது நான் பதினொரு தொடர்களில் எழுதியது. அவனுக்கு அந்தக் கொடிகள் பிள்ளை மாதிரி. விடுங்கள்.)

இ) மூன்றாம் நாள். கண்ணாயி மூட்டையோடு இறங்கும் வழியில் நிற்கிறாள். பொன்னாயி குண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் நடுவே போய், விளக்கியது, துடைத்தது, கழுவாதது எல்லாவற்றையும் சொல்கிறாள். கருப்பண்ணன் தலையைக் குனிந்துகொள்கிறான். அர்த்தனாரி இரண்டு விரலை மடக்குகிறார். இதற்கு முன் அவர் காலத்தில் ஊசி இரண்டு தரம் முழுகியிருக்கிறது. இரண்டு குடும்பம் இறங்கிப் போயிருக்கிறது. அவர் அதைத்தான் எண்ணுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில், பாத்திரம் சுத்தமில்லை என்றால் அந்தத் தீர்ப்புச் செல்லாது, மறுபடி கேட்கலாம் என்கிறார். கண்ணாயியைக் கூப்பிட்டு வருகிறார்கள்.

இதுதான் என்று நான் எழுந்து காப்பி போடப் போனேன். அலசிய குண்டா, ஊற்றுத் தண்ணீர், ஊசி. மிதக்கும். கண்ணாயி மூட்டையை அவிழ்ப்பாள். ஊர் தன் தண்ணீரை நம்பிக்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் நல்லது. பொன்னாயி சும்மா நின்றால் போதும்.

திரும்பி வந்து பார்த்தால், அவள் சும்மா நிற்கவில்லை.

கண்ணாயி ஊசியோடு குனிந்தபோது பொன்னாயி குண்டாவின் வாய்மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்துவிட்டாள்.

'கையை எடு புள்ள' என்றார் அர்த்தனாரி.

'மன்னிக்கோணுங்க. இது மெதக்குமுங்க. ஆரு போட்டாலும் மெதக்கும். பொய் சொல்லிப் போட்டாலும் மெதக்கும், நான் போட்டுப் பாத்துட்டனுங்க. இதுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க.'

கூட்டம் அசைந்தது. பனி மெல்ல நகர்ந்து, முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பொன்னாயி அவர்களைப் பார்க்கவில்லை.

'இத்தனை நாளா ஊரே தண்ணியத்தான் கேட்டுச்சு கண்ணு. உன்னைய ஒருத்தரும் கேக்கல. நானுங்கூடக் கேக்கல. இப்பக் கேக்கறேன். நீ வெட்டுனயா?'

'வெட்டலைன்னா நம்பிருவியாக்கா?'

'நம்பிருவேன்.'

'வெட்டுனேன்னா?'

பொன்னாயி கொஞ்சம் யோசித்தாள். 'அப்பவும் உன்னோட சேந்துதான் ஊத்துக்கு வருவேன். ஆனாச் சொல்லிப்போடு.'

நான் இங்கே மூன்று பதில் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். வெட்டவில்லை என்று எழுதினால் அது ஊசியைவிட லேசாக இருக்கிறது. வெட்டினேன் என்று எழுதினால், பதினொரு தொடர் எழுதிய கை எழுதுகிறது. அழுதாள் என்று எழுதினால் நான் தப்பித்துக்கொள்கிறேன். அவளை நான் படைத்தவன் என்பது உண்மை. ஆனால் கேட்டவள் பொன்னாயி. அவளுக்குப் போகவேண்டிய பதிலை நான் நடுவில் புகுந்து வாங்கக்கூடாது.

நீங்கள் இவ்வளவு நேரம் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தீர்கள். உங்கள் முகத்தின் மேலிருந்தும் பனி விலகிவிட்டது. கொஞ்சம் முன்னால் வாருங்கள். பொன்னாயியின் கை இன்னும் தண்ணீரை மூடியிருக்கிறது. கண்ணாயி ஊசியைத் தன் முந்தானை ஓரத்தில் குத்திக்கொண்டு நிமிர்கிறாள். சொல்லப்போகிறாள்.

அவள் என்ன சொன்னாலும் நம்புவதற்கு, உங்களுக்கு இப்போது வேறு சாட்சி இல்லை.