கால் முதலில் வந்த பையன்

பதுளைக் கடைவீதியில் இப்றாஹீமின் கடைக்குப் பாக்கியலெட்சுமி போனது ஒரு விளக்குக் கண்ணாடி வாங்கத்தான். சீமைக்குத் திரும்பிவிட்ட யாரோ ஒரு துரையின் பங்களாச் சாமான்கள் அன்று அங்கே வந்து இறங்கியிருந்தன. அவற்றின் நடுவே ஒரு கறுப்புத் தகர உருளை, சுற்றிலும் ஒல்லியான நீளத் துளைகளோடு. அவள் அதன் எதிரே நின்றுவிட்டாள்.

"புள்ளைங்க வெளாட்டுச் சாமான். சுத்திவிட்டு ஓட்டை வழியா பாத்தா உள்ள இருக்கிற படம் நடமாடும்" என்றார் இப்றாஹீம். "அதுக்கேன் பேயக் கண்ட மாதிரி நிக்கிறீங்க?"

இருபத்தாறு வருஷத்துக்கு முன், லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவள் அம்மா பெரியாயி பங்களா ஆயா. துரையின் குழந்தை தூங்கும் மத்தியானங்களில், பின் வராந்தாவில் இப்படியொரு உருளையைத் தன் மகள்களுக்குச் சுற்றிக் காட்டுவாள். அவள் ஒருநாளும் உள்ளே பார்த்ததில்லை. துரைசாணி வருகிறாளா என்று வாசலையே பார்த்திருப்பாள். பார்த்தவர்கள் ஏழு வயதுப் பாக்கியமும் ஐந்து வயதுச் செவந்தியும்தான்.

"தண்ணிக்குள்ள போனா என்னக்கா ஆகும்?"

"தண்ணியே மேல தூக்கி விட்ரும். காலுதான் மொதல்ல வரும். நனையக்கூட மாட்ட."

ஒரு வாரம் கழித்துச் செவந்தி தோட்டத்து வாய்க்காலில் குதித்தாள். அவளை வெளியே இழுத்தபோது கால்தான் முதலில் வந்தது.

"இல்லாததச் சொல்லிப் புள்ளயக் கொன்னுட்டியேடி" என்று அன்று சொன்ன அம்மா, இன்றும், மகள் வீட்டிலேயே இருந்துகொண்டு, அதைத்தான் சொல்கிறாள். பாக்கியலெட்சுமிக்கும் நாளடைவில் அது நிஜமாகவே பட்டது. தண்ணீரிலிருந்து கால் முன்னால் வர யார் எழுந்து வருவார்கள்? உருளைக்குள் அப்படியொரு பையனைப் பார்த்ததாகத் தானே கற்பனை செய்து, குழந்தையிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும்.

"ஒரு தடவ சுத்துங்க" என்றாள்.

இப்றாஹீம் ஒரு விரலால் தட்டிவிட்டார். பாறைமேல் ஒரு பையன். குனிந்தான், பாய்ந்தான், தலைகீழாகப் போனான், தண்ணீர் மூடிக்கொண்டது. மறுபடியும் பாறை, மறுபடியும் பாய்ச்சல். எழுந்து வரவேயில்லை. தண்ணீர் மூடும் ஒவ்வொரு தரமும் கடைசியாக மறைந்த பாதங்கள் செவந்தியின் பாதங்கள் போலிருந்தன.

"நல்லாப் பாய்றான் பயல்!" என்றார் இப்றாஹீம்.

அப்படியானால் பொய்தான். யாரோ கூப்பிட அவர் முன்பக்கம் போனார். அவள் உருளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். உருளையை நிறுத்தக் கையை வைத்தாள். கை நிறுத்தவில்லை. தினமும் விடியலில் அம்மாவோடு எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பிடியைப் பிடித்துக் கேப்பை அரைக்கிற கை அது. திருகைக் கல்லைச் சுற்றுவது போலவே உருளையையும் சுற்றியது. கடைக்காரர் சுற்றியதற்கு எதிர்ப்பக்கமாக.

தண்ணீர் பிளந்தது. இரண்டு பாதங்கள் வந்தன. பிறகு முழங்கால், இடுப்பு. பையன் பாறைமேல் வந்து நின்றான், ஒரு சொட்டும் நனையாமல்.

அவள் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் சொன்னாள்.

இப்போதே வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொல்லலாம். சொன்னால், அன்று வராந்தாவில் அந்தப் படத்தைத் திருப்பி ஓட்டிய கை யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். அறுபது வயதில் அந்தக் கையை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வாள்?

"எடுத்துட்டுப் போறீங்களா? கொறச்சுத் தாரேன்" என்றார் திரும்பி வந்த இப்றாஹீம்.

"வேணாங்க. வீட்ல வெளாட ஆளில்ல."

விளக்குக் கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வீடு வந்தாள்.

"ஒரு கண்ணாடி வாங்க இவ்வளவு நேரமாடி? அங்கயும் ஒக்காந்து பொய்க் கத அளந்தியா?" என்றாள் பெரியாயி.

"ஆமாம்மா" என்றாள்.