சம்பந்தியைத் தூக்கிப் போட்ட கதை

1.

இந்தக் கதையை எழுதச் சொன்னவரே இதில் தூக்கிப் போடப்படுபவர். "என்ன சம்பந்தி, என்னைக் கீழ போட்டத எழுதிட்டீங்களா?" என்று போன் செய்யும்போதெல்லாம் கேட்கிறார், என் மகளின் மாமியார். எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆரம்பத்தையே.

2.

முதல் ஆரம்பம்: "ஜூடோ கூடத்தின் விரிப்பில் காலைக் கதிரின் பொன்னொளி..." (அந்தக் கூடத்தில் ஜன்னலே கிடையாது. டியூப் லைட்தான்.)

இரண்டாவது: "விழுவது என்பது உண்மையில்..." (உபதேசம். வேண்டாம்.)

மூன்றாவது, உள்ளதைச் சொல்வது. சம்பந்தி குளியலறையில் வழுக்கி விழுந்தார். முறிந்த கை எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. ஈரத் தரையைக் கண்டால் சுவரைப் பிடித்துக்கொள்வார். அடிபடாமல் விழக் கற்றுக்கொள்ள ஜூடோவில் சேர்ந்தார். தனியாகப் போகக் கூச்சம் என்று பெண்ணின் அம்மாவான என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று சிரித்தார் அவருடைய மகன், அதாவது என் மாப்பிள்ளை. முதல் தேர்வில் தேறினால் தரும் மஞ்சள் பெல்ட்டை வாங்கி அவர் முன்னால் கட்டிக்காட்டாமல் விடுவதில்லை என்று சம்பந்தி அன்றே முடிவு செய்துவிட்டார்.

3.

இங்கே ஒரு சிக்கல். சம்பந்தியை நல்லவராக எழுதினால் ஐஸ் வைக்கிறேன் என்பாள் மகள். குறை சொன்னால் இரண்டு வீட்டுக்கும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரி என்று மாற்றிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியைத் தூக்கிப் போட யார் இவ்வளவு யோசிப்பார்கள்?

நான் யோசித்தேன். பயிற்சியில் சம்பந்தியின் ஜூடோ சட்டைக் காலரைப் பிடித்ததுமே மண்டைக்குள் கூட்டம் கூடிவிடும். வலது காலா, இடது காலா? இழுத்துவிட்டு இடுப்பைத் திருப்புவதா, திருப்பிவிட்டு இழுப்பதா? உடைந்த கையாயிற்றே! நாளைக்கு மகளிடம் என்ன சொல்வார்? "நிதானமா பண்ணுங்க சம்பந்தி," என்பார் அவர். [அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. இந்த வரியை அடிக்க வேண்டும். இருக்கட்டும்.]

4.

பெல்ட் தேர்வு ஜோடியாகத்தான். ஒருவரை ஒருவர் போட வேண்டும், ஒருத்தி சொதப்பினால் இருவருக்கும் கிடையாது. எங்களுக்கு ஜூடோ சொல்லித்தரும் மாஸ்டரம்மா பகலில் பல் டாக்டர். நாற்காலியில் உட்கார்ந்தும் வாயைத் திறக்காதவர்களை நிறையப் பார்த்தவர். ஆனாலும் எங்களைப் போல் பார்த்ததில்லை.

"நீங்க மொதல்ல போடுங்க சம்பந்தி."

"ஐயோ, நீங்க மாப்பிள்ளை வீடு. நீங்கதான் மொதல்ல."

"அதெல்லாம் இல்ல, நீங்க போடுங்க."

"விருந்தா நடக்குது இங்க?" என்று கத்தினார் மாஸ்டரம்மா. "யாராவது ஒருத்தர் போடுங்க!"

"மன்னிச்சுக்கங்க," என்று சொல்லி என்னைப் போட்டார் சம்பந்தி. எழுந்தேன். என் முறை. காலரைப் பிடித்தேன். வலது காலா, இடது...

குளியலறைச் சுவரைப் பிடிப்பதுபோல் அவர் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார். கண்ணை மூடியிருந்தார். காதோரம் சொன்னார்: "நான் விழத்தானே வந்திருக்கேன். நீங்க ஏன் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க?"

5.

[                              ]

இந்த அடைப்புக்குள் எத்தனையோ எழுதி அடித்துவிட்டேன். ஒன்றில் என் இடுப்பு மின்னலாய்ச் சுழன்றது. இன்னொன்றில் செத்துப்போன அம்மாவின் முகம் வந்தது. எல்லாம் புளுகு. அப்போது எனக்குள் ஒரு சொல்கூட இல்லை. குறிப்பெடுக்க நான் அங்கே இல்லவே இல்லை.

அடுத்து எனக்குத் தெரிந்தது, அடிபடாமலிருக்க விழும்போது விரிப்பில் கையால் ஓங்கி அறைவோமே, அந்தச் சத்தம். சம்பந்தி மல்லாந்து கிடந்து டியூப் லைட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கவே இல்ல சம்பந்தி! இன்னொரு தடவ போடுங்க!"

6.

இவ்வளவும் நன்றி சொல்லத்தான் எழுதினேன். பயத்தோடேயே தன்னை என் கையில் கொடுத்தாரே, அதற்கு. அந்த ஒரு கணம் என் மண்டை வாயை மூடிக்கொண்டிருந்ததே, அதற்கும்.

அடைப்புக்குறியை உங்களிடம் விடுகிறேன். நீங்களே நிரப்புங்கள், ரொம்ப யோசிக்க வேண்டாம். எனக்கு மகள் அனுப்பிய போட்டோ போதும். சம்பந்தி நைட்டிமேல் மஞ்சள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, அப்போதுதான் கழுவிவிட்ட, ஈரம் காயாத குளியலறைத் தரையில் நிற்கிறார். இரண்டு கையும் இடுப்பில் இருக்கிறது.