புலிக்குப் படித்தவள்

கால்நடை மருத்துவக் கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல் நாள் வகுப்பில், எந்தப் பிராணிக்கு டாக்டராக ஆசை என்று கேட்டார்கள். மற்றவர்கள் நாய், பூனை, மாடு என்று அடக்கமாகச் சொல்ல, இவள் எழுந்து நின்று "புலி" என்றாள். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. விடுதிக் காப்பாளர்கூட, "புலி, குழாய மூடிட்டுப் போ" என்பார். அம்மா தையல் கடை வைத்திருந்தாள். அளவு கொடுக்க வருகிறவர்களின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தபடியே, "என் பொண்ணு புலிக்குப் படிக்கிறா" என்று சொல்லிவிடுவாள்.

நான்காம் ஆண்டில் மிருகக்காட்சி சாலையில் மூன்று வாரப் பயிற்சி. புலி தூங்கியது. மூன்று வாரமும் தூங்கியது. இரண்டு கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அது தூங்குவதை இவள் நோட்டில் எழுதினாள். காலையில் அதன் மலத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் புழு முட்டை எண்ணினாள். பத்தொன்பதாம் நாள் புலி ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. அவளுக்குக் கொட்டாவி வந்தது. விட்ட பிறகுதான் திக்கென்றது. அதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அடுத்த பயிற்சிக்குச் சீட்டுக் குலுக்கியதில் மீன் பிரிவு விழுந்தது. தோழிகள் துக்கம் விசாரித்தார்கள். கல்லூரி மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரே அறை, நான்கு தொட்டி, எந்நேரமும் ஈரத் தரை. பொறுப்பில் இருந்த டாக்டரம்மா முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்.

மூன்றாம் நாள், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் மூடி போட்ட வாளியை மடியில் வைத்து இரண்டு பஸ் மாறி வந்தார். உள்ளே ஒரு தங்கமீன். விலாவில் வேர்க்கடலை அளவுக்குக் கட்டி.

"ஏழு வருஷமா எங்கூட இருக்குதுங்க. வெட்டி எடுத்தா பொழச்சுக்குமா?"

"பாத்துடலாம்" என்றார் டாக்டரம்மா.

மயக்க மருந்து கலந்த தண்ணீரில் மீனை விட்டு, அது சாய்ந்ததும் ஈரப் பஞ்சில் படுக்கவைத்தார்கள். வாயில் மெல்லிய குழாய். அதன் வழியே மருந்துத் தண்ணீர் செவுளுக்குப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். குழாயும் செவுளும் இவள் பொறுப்பு.

"செவுள் அசையறத எண்ணிக்கிட்டே இரு. கொறஞ்சா ஒடனே சொல்லு."

கட்டி பாதி கழன்றபோது செவுள் நின்றது.

"மேடம், நின்னுடுச்சு."

"நல்ல தண்ணிக்கு மாத்து."

மாற்றினாள். மொத்தம் எண்பத்தாறு கிராம் உயிர். தன் மூச்சையும் நிறுத்திக்கொண்டு பார்த்தாள். செவுள் ஒருமுறை விரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. பிறகு ஒழுங்காக எண்ணும்படி அசைந்தது. செருப்புக்குள் தண்ணீர் புகுந்திருந்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

மூன்று தையல் போட்டு வாளியில் விட்டதும் கண்டக்டர் குனிந்து, "எறங்கிடாத ராசா, நம்ம ஸ்டாப்பு இன்னும் வரல" என்றார். மீன் மெதுவாக வாலை ஆட்டியது. இவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. பசி என்றால் பறக்கிறவள் அவள்.

அந்த வாரமே சிறப்புப் படிப்புக்கு விருப்பம் எழுதித் தரவேண்டும். 'வன விலங்கு' என்று எழுதி, அடித்து, 'மீன்' என்று எழுதினாள்.

"அடிச்சுத் திருத்துனா செல்லாது, வேற ஃபாரம் எழுது" என்ற குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "மீனா? இதுக்கு ஃபைலே இல்லயேம்மா. புதுசா போடணும்."

வீட்டில் சொல்வதுதான் புலிவேட்டையாக இருந்தது. அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் புலிக்குப் போகல."

அம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். "யானைக்கா?"

"மீனுக்கு."

"சட்டிக்குப் போறதுக்கு எதுக்குடி வைத்தியம்?"

"வளக்குற மீனும் இருக்கும்மா. பண்ணைல ஒரு நோய் வந்தா கொளத்தோட போயிடும்."

"ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேன். இனி யார் மூஞ்சில முழிப்பேன்? புலிக்கு என்னடி கொறச்சல்?"

வேறு வழியில்லாமல் கொட்டாவிக் கதையைச் சொன்னாள். அம்மா துணியைக் கீழே வைத்தாள்.

"புலி பாத்துச்சா?"

"பாத்துச்சு."

அம்மா சிரிக்கத் தொடங்கியவள், தையல் மெஷின்மேல் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். ஆனாலும் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

இப்போது அவள் பன்னிரண்டு குளம் உள்ள ஒரு பண்ணையில் டாக்டர். போன மாதம் அம்மா பார்க்க வந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள். தீனி போட்டதும் தண்ணீர் கொதிப்பதுபோல் மீன்கள் மேலே வந்தன.

"இத்தனைல எது நோயாளின்னு எப்படிடி தெரியும்?"

"தீனிக்கு வராம ஓரமா நிக்கும்மா."

ஊசிக் காதில் நூல் கோக்கும் கண் அம்மாவுக்கு. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவள், மதகுப் பக்கம் கை நீட்டினாள்.

"அதோ, அது."

சரியாகத்தான் காட்டியிருந்தாள். மகள் வலையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.