பச்சைப் பாதை

பச்சை பெயிண்ட் கோமளத்தின் முழங்கை வரை அப்பியிருந்தது. ரோலரை ஓரமாக வைத்துவிட்டு முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். பொம்மசந்திராவில் ஃபேக்டரிகளுக்குப் போகும் அந்த ரோட்டின் ஓரத்தில், நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமாக ஒரு கார் அகலத்துக்குப் புதிதாகப் பாதை போட்டிருந்தார்கள். இன்று திறப்பு விழா. மேஸ்திரி நோயல் காலையிலிருந்தே தரையில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருந்தான்.

வேலை முடிந்தால்தானே விழா வைக்க வேண்டும்? பாதையின் முழு அகலத்துக்கும் குறுக்கே ஓடும் சாக்கடைக்கு மூடி வரவில்லை. இடுப்பளவுப் பள்ளம். அதன்மேல் இரண்டு சவுக்குக் கட்டைகளைப் போட்டு, மேலே பிளைவுட்டை வைத்து, அதற்கும் பச்சையடித்தாயிற்று. கார்கள் ஏறாமலிருக்க நட வேண்டிய இரும்புக் கம்பங்களும் வரவில்லை. பெரிய மனிதர்கள் வருகிற நாளில் பிளைவுட்டும் பெயிண்டும் இருந்தால் போதும், எந்த வேலையும் முடிந்துவிடும்.

"கோமளாக்கா, அந்தப் பலக மேல இன்னொரு கோட் அடி. தனியாத் தெரியுது பாரு."

"சைக்கிள்ல யாருடா வரப்போறது?"

"மொதல்ல பத்ரிநாத் சார்தான். இன்ஜினியரு. பிளானே அவுருதுதான?" என்று சொல்லிவிட்டு நோயல் வாடகை சைக்கிள்களை இறக்க ஓடினான்.

அந்தப் பெயரைக் கேட்டதுமே கோமளம் ரோலரைப் பெயிண்ட் டப்பாவுக்குள் ஓங்கிப் போட்டாள். இதே ரோட்டில்தான் அவள் புருஷன் முனிவேல் ஷிஃப்ட் முடிந்து நடந்து வரும்போது ஒரு டெம்போ அடித்துப் போட்டது. லேத் ஓட்டிய மனுஷன் இப்போது நீலசந்திராவில் ஒற்றை அறைக்குள் கட்டிலோடு கிடக்கிறான். குளிப்பாட்டுவதற்கும் அவள்தான் தூக்க வேண்டும். கொஞ்ச நாளில், எங்கெங்கே நடைபாதை வேண்டும், சைக்கிள் பாதை வேண்டும் என்று ஜனங்களைக் கேட்பதாக ஒரு கூட்டம் போட்டார்கள். கோமளம் லீவு சொல்லிவிட்டுப் போனாள். மூன்று பேர் பேசி முடித்தபின் எழுந்து, "என் ஊட்டுக்காரர் அடிபட்ட எடத்துல ஒரு நடைபாத போடுங்க சார்" என்றாள்.

கூட்டத்தை நடத்திய பத்ரிநாத் திரையிலிருந்த கலர் படத்திலிருந்து முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "நடு ரோட்ல நடந்தா அடிபடாம என்னம்மா ஆவும்? ஓரமா நடக்கச் சொல்லு."

ஹால் முழுக்கச் சிரித்தது. ஓரமே இல்லாத ரோடு அது. வீட்டுக்கு வந்ததும் முனிவேல் ஆசையாக, "சார் என்னா சொன்னாரு?" என்று கேட்டான். "நல்லாக் கேட்டுக்கினாரு" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதாள். அந்தச் சிரிப்பு இன்றுவரை அவளுக்குச் செரிக்கவில்லை.

கோமளம் சுற்றுமுற்றும் பார்த்தாள். பலகையைத் தூக்கினாள். இரண்டு கட்டைகளையும் உருவி வெளியே போட்டாள். பலகையின் விளிம்பு மட்டும் சிமெண்டில் தொட்டுக்கொண்டு நிற்கும்படி வைத்து, மேலே நிதானமாக இன்னொரு கோட் அடித்தாள். விழட்டும். சைக்கிளோடு விழட்டும். கோட்டும் சூட்டுமாகச் சாக்கடையிலிருந்து எழுந்திருக்கட்டும். எல்லாரும் பார்த்துச் சிரிக்கட்டும். நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

வந்தார்கள். மாலை, ஹெல்மெட், கைதட்டல். பத்ரிநாத் சைக்கிளை மிதித்துக்கொண்டு முன்னால் வந்தார். கோமளம் ரோலரும் கையுமாக ஓரத்தில் நின்று பார்த்தாள். பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேனர் கட்டியிருந்த இடத்தில் அவர் காலை ஊன்றி நின்றார். சிரித்தார். போட்டோ எடுத்தார்கள். அப்படியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அங்கே ஷாமியானாவுக்கடியில் போண்டாவும் காபியும் காத்திருந்தன.

அவ்வளவுதான் விழா. சைக்கிள்களையும் கிடந்த சாமான்களையும் வேலையாட்கள் வந்த டெம்போவில் ஏற்றினார்கள். கூடவே சவுக்குக் கட்டைகளும் போயின. "ஏறுக்கா, பேகா பேகா! டைம் ஆச்சு!" என்று நோயல் கத்தினான்.

அப்போதுதான் சங்கு ஊதியது. ஃபேக்டரி கேட் திறந்து, ஷிஃப்ட் முடிந்த பெண்கள் மொத்தமாக வெளியே வந்தார்கள். புதுப் பாதையைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு பச்சை மேல் ஏறினார்கள்.

இவர்களைக் கோமளம் நினைத்துப் பார்க்கவே இல்லை. பலகையைத் தூக்கிப் போட்டாலும் பின்னால் வருகிற கூட்டம் முன்னால் இருப்பவர்களை உள்ளே தள்ளிவிடும். ஓடிப்போய்ப் பலகைக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"வராதீங்கம்மா! எறங்குங்க, ரோட்ல போங்க!"

"ஏங்க்கா, இது எங்களுக்கு இல்லியா?" என்றாள் முன்னால் வந்த பெண்.

"பள்ளம்டீ! செத்துப் போயிருவீங்க, எறங்கு!"

டெம்போ அவளை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே ரோட்டில் இறங்கினார்கள். லாரியும் பைக்கும் அவர்களுக்கு நடுவில் மாட்டி ஹாரன் அடித்தன. அந்த நெரிசலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் நின்றது. ஓட்டிக்கொண்டிருந்த பத்ரிநாத் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"பாத போட்டுக் குடுத்தாலும் ரோட்லதான் நடப்பீங்களா? உங்களுக்கெல்லாம் புத்தியே வராதா?"

பெண்களுக்கு நகர இடமில்லை. அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். சைக்கிள் ஏறுவதற்காகப் போட்ட சரிவில் கார் ஏறியது. பச்சைப் பாதை இப்போது காலியாகக் கிடந்தது, கோமளம் ஒருத்தியைத் தவிர. ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தார்.

"ஏய், ஸ்வல்ப சைட் குடும்மா! ஓரமாப் போ!"

அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பள்ளம் என்று சொல்லத் திறந்த வாயைக் கோமளம் மூடிக்கொண்டாள். விரித்திருந்த கைகளை இறக்கினாள்.

"வாங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றாள்.